இரவில் கை மரத்துப் போகிறதா?
சிறு பொத்தல் வழியாக நரம்பை விடுவிக்கும் ஆபரேஷன்

நள்ளிரவு. வீடே தூங்குகிறது. ஒரு பெண் மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கையை உதறுகிறாள். தேய்க்கிறாள். கட்டிலுக்கு வெளியே தொங்கப் போடுகிறாள்.

விரல்களில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. ஊசியால் குத்துவது போல் இருக்கிறது. சில சமயம் தீயாய் எரிகிறது.

ஐந்து நிமிடம் உதறியதும் சரியாகிறது. படுக்கிறாள். மறுபடியும் வருகிறது!

காலையில் வீட்டில் பேச்சு நடக்கிறது. "வாயுதான், பூண்டு சாப்பிடு" என்கிறார் மாமியார். "உடம்பில் இரத்தம் இல்லை" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. "பக்கவாதமாக இருக்குமோ?" என்று கணவர் பயப்படுகிறார்.

பலருக்கு இவை எதுவுமே காரணம் அல்ல. மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்று அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. நரம்பு நெடுங்காலம் நசுங்கிக் கிடந்தால், கட்டை விரலை இயக்கும் தசை வற்றிப் போகும். வற்றிய தசையை மீட்பது எந்த டாக்டருக்கும் கடினம்.

காலத்தோடு போனால்? மணிக்கட்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறுகிறார்கள். பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விடுகிறார்கள். டெலிவிஷன் திரையில் பார்த்தபடியே நரம்பை விடுவித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்!

கைக்குள் ஒரு சுரங்கம்

உங்கள் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை வைத்துக்கொள்ளுங்கள். கையும் மணிக்கட்டும் சேரும் இடத்தில் மடிப்பு ரேகைகள் தெரிகின்றன அல்லவா? அவற்றுக்கு அடியில், உள்ளங்கையின் தொடக்கத்தில், ஒரு சுரங்கம் இருக்கிறது.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. அவை வில் போல வளைந்து நிற்கின்றன. அதுதான் சுரங்கத்தின் தரையும் சுவரும். வில்லின் இரு முனைகளையும் நாண் போல இழுத்துக் கட்டியிருக்கிறது ஒரு கெட்டியான பட்டை. அதுதான் கூரை.

இந்தச் சுரங்கத்துக்குள் நெரிசலோ நெரிசல்! விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள் இதன் வழியாகத்தான் போகின்றன. அவற்றோடு ஒரு நரம்பும் போகிறது. அதற்கு "மீடியன் நரம்பு" என்று பெயர். நடு நரம்பு என்று சொல்லலாம்.

தசைநாண்கள் கயிறு போல உறுதியானவை. நெருக்கினாலும் தாங்கும். நரம்பு அப்படி அல்ல. அது மென்மையானது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் தடித்தாலும், நீர் கோத்தாலும், முதலில் அடிபடுவது நரம்புதான். எலும்பு விலகாது. பட்டையும் நெகிழாது. நரம்பு எங்கே போகும்?

இதைத்தான் டாக்டர்கள் "கார்ப்பல் டன்னல்" நோய் என்கிறார்கள்.

சுண்டு விரல் தப்பித்தது

இந்த நோயை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. எந்த விரல்கள் மரத்துப் போகின்றன என்று பாருங்கள்.

நடு நரம்பு உணர்ச்சி கொடுப்பது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், பிறகு மோதிர விரலில் பாதி. ஆம், பாதிதான்! நடு விரலை ஒட்டிய பக்கம் மரத்திருக்கும். சுண்டு விரலை ஒட்டிய பக்கம் மரத்திருக்காது. ஒரே விரலில் இரண்டு நரம்புகளின் ஆட்சி!

சுண்டு விரல் இந்த நோயில் தப்பித்துவிடும். அதன் நரம்பு வேறு. அது சுரங்கத்துக்குள் போவதில்லை.

சுண்டு விரல்தான் மரத்துப் போகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ராத்திரியில் ஏன்?

பகலெல்லாம் வேலை செய்த கை, சும்மா படுத்திருக்கும்போது வலிப்பானேன்?

1981-ல் அமெரிக்க டாக்டர் ரிச்சர்டு கெல்பர்மனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்தார்கள். இரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்கிறோமே, அதே பாதரச அளவுதான்.

நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் இருந்தது. நோயாளிகளுக்கோ 32! மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கியபோது அது 94-க்கு ஏறியது. பின்பக்கமாக வளைத்தபோது 110!

தூக்கத்தில் நம் கை எப்படிக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தலையணைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். கன்னத்துக்கு அடியில் வளைந்து கிடக்கும். நரம்புக்கு வரும் நுண்ணிய இரத்த ஓட்டம் அந்த அழுத்தத்தில் தடைப்படுகிறது. நரம்பு பட்டினி கிடக்கிறது, கூக்குரல் போடுகிறது. எழுந்து உதறினால் மணிக்கட்டு நேராகிறது. அழுத்தம் இறங்குகிறது. சுகம்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் 1880-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 37 நோயாளிகளைப் பார்த்தார். இரவில் கை மரத்து எழுந்திருப்பதும், கையைத் தொங்கவிட்டோ உதறியோ சரிசெய்வதும் அவர் எழுத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் நரம்பு எங்கே நசுங்குகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அவருக்கும் முன்னால், 1854-ல், லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பாஜெட் ஒரு வினோதமான நோயாளியைப் பற்றி எழுதினார். மணிக்கட்டுக்கு அருகே எலும்பு முறிந்து, கூடியபோது அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. அது நடு நரம்பை நெருக்கியது. அந்த ஆளின் கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் புண்கள் வந்தன. எந்த மருந்துக்கும் ஆறவில்லை. மணிக்கட்டு தளர்ந்திருக்கும்படி கட்டுப் போட்டார்கள். புண் ஆறிவிட்டது! கட்டை அவிழ்த்துக் கையைப் பயன்படுத்தியதும் புண் மீண்டும் வந்தது.

மருந்து புண்ணில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. ஆனால் இந்தச் செய்தி புத்தகத்திலேயே தூங்கிவிட்டது.

நோய் கையில், கத்தி கழுத்தில்!

1913-ல் பிரான்சு நாட்டு நரம்பு நிபுணர்கள் பியேர் மாரி, ஷார்ல் ஃபுவா இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 80 வயதில் இறந்துபோன ஒரு மூதாட்டியின் கைகளை அவர்கள் அறுத்துப் பார்த்திருந்தார்கள். அவளுடைய கட்டை விரலடி மேடுகள் இரண்டும் வற்றிக் குழி விழுந்திருந்தன.

நரம்பைப் பார்த்தார்கள். பட்டைக்கு மேலே நரம்பு முடிச்சு போல வீங்கியிருந்தது. பட்டைக்கு அடியில் இளைத்துக் கிடந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி!

"இதை முன்பே கண்டுபிடித்துப் பட்டையை அறுத்துவிட்டிருந்தால், கை பிழைத்திருக்கலாம்" என்ற கருத்தை இருவரும் எழுதி வைத்தார்கள்.

அந்த மூதாட்டிக்கு அது உதவவில்லை. உலகமாவது உடனே கேட்டதா? அதுவும் இல்லை!

விரல் மரத்துப் போவதற்குக் காரணம் கழுத்தில்தான் இருக்கிறது என்று அக்காலத்து டாக்டர்கள் பலர் நம்பினார்கள். கழுத்தடியில் சிலருக்குக் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். அது நரம்பை அழுத்துகிறது என்று சொல்லி அதை வெட்டி எடுத்தார்கள். நோய் கையில், கத்தி கழுத்தில்! எத்தனையோ பேர் வீணாக அந்தப் பெரிய ஆபரேஷனைத் தாங்கினார்கள்.

1933-ல் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஜேம்ஸ் லியர்மந்த், அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுப் பட்டையை அறுத்து நரம்பை விடுவித்ததைப் பற்றி எழுதினார். இவர் சாதாரண ஆள் அல்ல. பிற்காலத்தில், 1949-ல், இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குப் பக்கிங்காம் அரண்மனையிலேயே ஆபரேஷன் செய்து "சர்" பட்டம் பெற்றவர் இவர்தான்.

1947-ல் லண்டனில் டாக்டர் ரஸ்ஸல் பிரெயினும் அவருடைய தோழர்கள் இருவரும் 6 நோயாளிகளுக்கு இதே ஆபரேஷனைச் செய்து முடிவை வெளியிட்டார்கள். "பிரெயின்" என்றால் ஆங்கிலத்தில் மூளை. நரம்பு நிபுணருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! கழுத்தின் மேல் இருந்த பழி அதன் பிறகுதான் மெல்ல நீங்கியது.

வீட்டிலேயே ஒரு சோதனை

இந்த நோயை உலகம் முழுவதும் அறியச் செய்தவர் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் ஜார்ஜ் ஃபேலன். 1950-ல் எழுதத் தொடங்கினார். 1966-ல் 654 கைகளைப் பற்றிய தம் 17 ஆண்டு அனுபவத்தை வெளியிட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்க வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். நடு நரம்பின் விரல்கள் மரத்தால் அல்லது குறுகுறுத்தால், சந்தேகத்துக்கு இடம் உண்டு.

சந்தேகம்தான். தீர்ப்பு அல்ல. தீர்ப்பு சொல்வது டாக்டர்.

டாக்டர் செய்யும் இன்னொரு சோதனை உண்டு. மணிக்கட்டில் நரம்புக்கு நேராக விரலால் தட்டுவார். "சுரீர்" என்று விரல் நுனிக்கு மின்சாரம் பாய்வது போல் இருக்கும். நரம்பைத் தட்டிப் பார்க்கும் இந்த முறைக்கு ஒரு கதை இருக்கிறது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியும் பிரான்சும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. குண்டடி பட்டு நரம்பு அறுந்த வீரர்கள் இரு பக்கத்திலும் வந்து குவிந்தார்கள். நரம்பு மீண்டும் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நரம்பின் மேல் தட்டிப் பார்த்தார் ஜெர்மன் டாக்டர் பால் ஹாஃப்மன். அதே போலத் தட்டிப் பார்த்தார் பிரெஞ்சு டாக்டர் ஜூல் டினெல். இருவரும் எழுதிய ஆண்டு 1915. ஒருவருக்கு மற்றவர் செய்தது தெரியாது! போர்முனையில் பிறந்த அந்தச் சோதனையைத்தான் பிற்கால டாக்டர்கள் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்று நரம்பில் மின்சாரத் துடிப்பு என்ன வேகத்தில் போகிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். நசுங்கிய இடத்தில் வேகம் குறைகிறது. நோய் லேசா, முற்றியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

யாருக்கு வருகிறது?

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. நடு வயதில் அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, மூட்டு வாதம், மணிக்கட்டு எலும்பு முறிவு இவையெல்லாம் வழி வகுக்கும். கல் உடைக்கும் இயந்திரம் போல அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கும், கையை இறுக்கிப் பிடித்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கும் வரலாம்.

கர்ப்பிணிகளுக்கும் வருவது உண்டு. உடம்பில் நீர் கோப்பதுதான் காரணம். அவர்கள் பயப்பட வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும்.

நம் நாட்டில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கை மரத்துப் போவதோடு தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். அதுவும் நரம்பைத் தாக்கும் நோய். அதற்கு மாத்திரை இருக்கிறது; முழுக்க குணமாகும். மறைத்து வைப்பதுதான் ஆபத்து.

எடுத்தவுடன் கத்தி இல்லை

நோய் லேசாக இருக்கும்போது ஆபரேஷன் தேவைப்படாது. இரவில் மணிக்கட்டு வளையாமல் இருக்க ஒரு பட்டைக் கட்டு போட்டுக்கொண்டு தூங்கச் சொல்வார்கள். பாஜெட்டின் நோயாளிக்குச் செய்தது போலத்தான்! அது போதவில்லை என்றால் சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வீக்கம் வடிந்து வலி குறையும். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும்.

இரவு பகல் எந்நேரமும் மரத்தே இருக்கிறது, கையில் எடுத்த பாத்திரம் நழுவி விழுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டை விரலடி மேடு தட்டையாகிவிட்டது என்றால் காத்திருக்கக் கூடாது.

"வலி குறைந்துவிட்டது, எனக்குச் சரியாகிவிட்டது" என்று சிலர் மகிழ்வார்கள். எச்சரிக்கை! நரம்பு செயலிழக்கும்போதும் வலி குறையும். வலி போய், மரப்பு மட்டும் நிலைத்துவிட்டால் அது நல்ல அறிகுறி அல்ல.

ஆபரேஷன் என்றால் என்ன? நரம்பில் கை வைப்பதே இல்லை. கூரையாக இருக்கும் பட்டையை நீளவாக்கில் அறுத்துவிடுகிறார்கள். இரு பக்கமும் சற்றே விலகிக்கொள்கின்றன. சுரங்கம் அகலமாகிறது. நரம்புக்கு மூச்சு வருகிறது.

"பட்டையை அறுத்துவிட்டால் கைக்கு என்ன ஆகும்?" என்று கேட்கலாம். நடுவில் விழுந்த இடைவெளியில் புதுத் திசு வளர்ந்து மூடிவிடும். கூரை மறுபடியும் உண்டாகிறது. ஆனால் முன்பைவிட உயரமாக!

பழைய முறையில் உள்ளங்கையில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறி, நேராகக் கண்ணால் பார்த்துப் பட்டையை அறுப்பார்கள். நல்ல முறைதான். இன்றும் உலகமெங்கும் செய்கிறார்கள். ஆனால் கீறல் விழும் இடத்தைப் பாருங்கள். கரண்டி பிடிப்பதும், கதவைத் தள்ளுவதும், தரையில் ஊன்றி எழுந்திருப்பதும் அந்த உள்ளங்கையால்தான். தழும்பு சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு, நோகும்.

உள்ளங்கையைக் கிழிக்காமல் செய்ய முடியாதா?

ஜப்பானியர் கண்ட வழி

இதற்கு வழி ஜப்பானில் பிறந்தது. அதுவும் முழங்காலில் இருந்து!

ஜப்பானியர் தரையில் மண்டியிட்டு உட்காருகிறவர்கள். முழங்கால் விறைத்துவிட்டால் அவர்களுக்கு வாழ்க்கையே சிரமம். காசநோய் பலருடைய முழங்காலைக் கெடுத்தது. நோயை முளையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தார் டோக்கியோ டாக்டர் கென்ஜி தகாகி. 1918-ல், மூத்திரப்பையைப் பார்ப்பதற்காகச் செய்த குழாயை ஒரு பிணத்தின் முழங்கால் மூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே தெரிந்தது!

அவருடைய சீடர் மசாகி வடனாபே அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தினார். 1962-ல் குழாய் வழியாகப் பார்த்தபடியே முழங்காலுக்குள் கிழிந்த சவ்வை வெட்டி எடுத்தார். பொத்தல் போட்டு மூட்டு ஆபரேஷன் செய்யும் காலம் அப்படித் தொடங்கியது.

முழங்காலில் மூட்டுக்குள் வெற்றிடம் இருக்கிறது. நீர் ஏற்றி அதை விரிக்கலாம். மணிக்கட்டுச் சுரங்கத்தில் ஏது இடம்? ஏற்கெனவே நெரிசல்!

இதற்கும் ஒரு ஜப்பானியரே வழி கண்டார். டோக்கியோ டாக்டர் இச்சிரோ ஒகுட்சு, கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செய்தார். அதன் முனை மூடியிருக்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையில் சிறு கீறல் போட்டு, அந்தக் குழாயைச் சுரங்கத்துக்குள் நுழைத்தார். குழாய்க்குள் எண்டோஸ்கோப் என்னும் பார்வைக் கருவியை வைத்தார். குழாயின் சுவர் வழியே பட்டை வெள்ளையாகத் தெரிந்தது. குழாயை ஒட்டியபடி கொக்கி போன்ற கத்தியை விட்டு, பட்டையை அடியிலிருந்து இழுத்து அறுத்தார். உள்ளங்கைத் தோல் முழுதாக இருந்தது!

1989-ல் இந்த முறை ஆங்கிலத்தில் வெளியானது. அறுப்பதற்கு முன்னும் பின்னும் சுரங்கத்தின் அழுத்தத்தை அளந்து, அது இறங்கியதையும் அவர் காட்டினார்.

அதே 1989-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜேம்ஸ் சௌ இரண்டு பொத்தல் போடும் முறையை வெளியிட்டார். மணிக்கட்டில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று. 1992-ல் டாக்டர் ஜான் ஏஜி ஒரே பொத்தல் முறையின் முடிவுகளை வெளியிட்டார். அவர் செய்த கருவி கைத்துப்பாக்கி போல இருக்கும். விசையை அழுத்தினால் முனையில் சிறு கத்தி எழும். விட்டால் உள்ளே அடங்கிவிடும். நுழையும்போதும் வெளியே வரும்போதும் கத்தி எதையும் தொடாது.

மேஜையில் நடப்பது

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். கை தனி மேஜை மேல் நீட்டியிருக்கும். மரப்பு ஊசி போடுவார்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை, விழித்துக்கொண்டே இருக்கலாம். மணிக்கட்டு மடிப்பில் சிறு கீறல். அதன் வழியாகக் குழாய் நுழைகிறது. திரையில் பட்டையின் அடிப்பக்கம் தெரிகிறது. குறுக்கே ஓடும் வெள்ளை இழைகள்! அவை மட்டும்தான் தெரிய வேண்டும். நரம்பு வழியில் தெரிந்தால் கத்தி எழக் கூடாது. பார்வை தெளிவாக இல்லை என்றால், நல்ல டாக்டர் குழாயை வெளியே எடுத்துவிட்டுப் பழைய முறையில் திறந்து செய்துவிடுவார். அது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் ஒரு சிறு கிளை நரம்பு இருக்கிறது. கட்டை விரலடி மேட்டின் தசைகளுக்கு உயிர் கொடுப்பது அதுதான். அமெரிக்க டாக்டர்கள் அதற்குப் "பத்து லட்சம் டாலர் நரம்பு" என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தவறி வெட்டிவிட்டால் கோர்ட்டில் நஷ்டஈடு அவ்வளவு கொடுக்க வேண்டி வரும் என்று அர்த்தம்!

பட்டையை அறுக்கும் வேலை சில நிமிடம்தான். ஒன்றிரண்டு தையல். கட்டு. விரல்களை அன்றே மடக்கி நீட்டச் சொல்வார்கள். தையலைப் பத்துப் பதினைந்து நாளில் பிரிக்கிறார்கள்.

பலருக்கு இரவு வலி உடனே போய்விடுகிறது. பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக விடிய விடியத் தூங்குகிறார்கள். ஆனால் மரப்பு நீங்க நாள் ஆகும். பழுதான நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வளர எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

எது மேல்?

பொத்தல் முறையா, திறந்த முறையா? இரண்டு முறையிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஒப்பிட்டுப் பல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. பொத்தல் முறையில் செய்துகொண்டவர்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்புகிறார்கள். தழும்பு நோவும் குறைவு. தினக்கூலிக்காரருக்கு ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பேருடைய கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது!

பொத்தல் முறையில் நரம்பு தற்காலிகமாகச் சோர்ந்து போவது சற்று அதிகம். நிரந்தரமான சேதம் இரண்டிலும் அபூர்வம். பட்டை முழுவதும் அறுபடாமல் கொஞ்சம் நின்றுவிட்டால் நோயும் தங்கிவிடும். ஆகவே பொத்தல் சிறிதா என்று கேட்பதைவிட, இந்த முறையில் டாக்டருக்கு நல்ல பழக்கம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. முன்பே அதே கையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், சுரங்கத்துக்குள் கட்டி இருப்பவர்களுக்கும் திறந்து செய்வதே நல்லது.

தாமதமாக வந்தவர்கள்

மேடு வற்றிய பிறகு வந்தால்? நரம்பை விடுவித்தால் வலியும் குறுகுறுப்பும் குறையலாம். ஆனால் கட்டை விரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடாது. அது தொடாவிட்டால் சோறு பிசைந்து உண்ண முடியாது. ஊசி பிடிக்க முடியாது.

அவர்களுக்கு வேறு ஒரு ஆபரேஷன் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றிக் கட்டை விரலில் பொருத்துகிறார்கள். இந்த வேலையில் வேலூருக்கு உலகப் புகழ் உண்டு. 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி உழைக்கும் கைகளாக ஆக்கினார். மாற்றிக் கட்டிய பிறகு அந்த விரலுக்குப் புதிதாகப் பாடம் சொல்லித் தர வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும்.

முழங்கையில் மின்சாரம்

இனிச் சுண்டு விரல்.

முழங்கையின் உள்பக்கம் மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை மின்சாரம் பாய்கிறதே, அது எலும்பு வலி அல்ல. "அல்நார்" என்னும் நரம்பு அங்கே தோலுக்கு அடியிலேயே, எலும்புப் பள்ளத்தில் ஓடுகிறது. முழங்கையை மடக்கும்போது அது இழுபடுகிறது, நெருக்கப்படுகிறது. டெலிபோனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுகிறவர்களுக்கும், கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவது இதனால்தான். முற்றினால் கைப்பிடி வலுவிழக்கும். விரல்கள் வளையும்.

இங்கேயும் பொத்தல் முறை வந்துவிட்டது. 2006-ல் ஜெர்மனியின் டாக்டர் ரைமர் ஹாஃப்மன், டாக்டர் மரியா சீமியனோவுடன் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். (போர்க்கால ஹாஃப்மன் வேறு, இவர் வேறு!) முழங்கையில் சிறு கீறல் போட்டு, அதன் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, மேலே புயத்துக்குள்ளும் கீழே முன்கைக்குள்ளும் நரம்பை நெருக்கும் தடைகளை அறுத்துவிடுகிறார்கள். அந்த அம்மையார் மரியா சீமியனோதான் 2008-ல் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில், சிதைந்த முகத்துக்கு வேறொருவரின் முகத்தைப் பொருத்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

முழங்கை நோயும் லேசாக இருந்தால் முதலில் கத்தி இல்லை. முழங்கையை மேஜையில் ஊன்றக் கூடாது. படுக்கும்போது ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால், தூக்கத்தில் கை மடங்காது. சில வாரம் இப்படிச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.